மலைக்கு அனுப்பிய கேசட்

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டத் தலைநகரெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில், எட்டுக்குப் பத்து அளவில் எனக்கு ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. அத்தா ரேடியோ ரிப்பேர் பார்த்த கடை அது. அவருக்குக் கண் மங்கிய பிறகு, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, இரண்டு கேசட் போடும் டபுள் டெக்கை வைத்து நான் அதைப் பாட்டுக் கடையாக மாற்றிக்கொண்டேன். காலி கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்துவிட்டுப் போனால் சாயந்திரம் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஊரில் என்னை ‘கேசட்டு பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டு விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற மண்டைக்கனமும் இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு பாடகி என் கடைக்கு வந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் சேலத்திலிருந்து கடலூர் வரை எந்த அம்மன் கோயிலில் குழாய் கட்டினாலும் அவர் குரல்தான் கேட்கும். வடக்கனந்தல் பக்கம் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, கேசட் அட்டையில் படம் வரும் அளவுக்கு வளர்ந்தவர். அவர் பாட்டை விற்றுத்தான் நான் கடைக்கு ஃபேனே மாட்டினேன். அப்படிப்பட்டவர் என் கடைப் படி ஏறியதும் எனக்கு ஸ்டூலைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கூட அவர் கணவர் மட்டும் வந்திருந்தார், உடுக்கையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு. விஷயத்தை அவர்தான் சொன்னார். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை காலை பாண்டிச்சேரியில் ஆபரேஷன். உயிர் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கப்புறம் குரல் இருக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். ஆடிக் கச்சேரிகளுக்காக ஏற்கெனவே ஒரு மாசம் தள்ளிப்போட்டாயிற்று. இனி ஒரு நாள் தள்ளினாலும் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம்.

அதற்குள் ஒரே ஒரு கேசட் பாடிவிட வேண்டும் என்று வந்திருந்தார் அந்த அம்மா. சென்னைக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. என் டெக்கில் பதிந்து வைத்தால் கேசட் கம்பெனிக்காரர் அடுத்த வாரம் வந்து வாங்கிப்போவார். ஏதோ அம்மன் பாட்டு என்று நினைத்தேன். இல்லை, ஒன்பதும் கல்வராயன் மலைப் பாட்டு. சின்ன வயசில் தன் அம்மாவோடு களை எடுக்கவும் புளி உலுக்கவும் மலைக்குக் கூலிக்குப் போனபோது, அங்கே ஒரு அக்காவோடு சேர்ந்து பாடியவை. சாமைக் கொல்லையில் பாடுவது, தூளியில் பிள்ளையைப் போட்டுப் பாடுவது, மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்வது என்று எல்லாம் இருந்தன. தான் மேடையில் பாடிப் பேர் வாங்கிய மெட்டுகளெல்லாம் இவற்றிலிருந்து எடுத்தவைதான், அதை ஊருக்குச் சொல்லாமல் குரல் போய்விடக் கூடாது என்றார்.

ஷட்டரை இறக்கினேன். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதையும் நிறுத்தினேன். மூன்று பேரும் வியர்வையில் குளித்தோம். பஸ் ஸ்டாண்டில் எவனாவது ஹார்ன் அடித்தால் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த அம்மா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. வெந்நீரை ஒரு வாய் குடிப்பார், கணவரைப் பார்ப்பார், உடுக்கை பேசும், பாடுவார். எட்டாவதாகக் களை எடுக்கிற பாட்டு. அதில் கடைசி அடிக்கு வரும்போது இருமல் வந்துவிட்டது. மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் அதே இடத்தில் தொண்டை அடைத்தது. அதை விட்டுவிட்டு ஒன்பதாவதைப் பாடி முடித்தார். மறுநாள் வந்து அந்த எட்டாவதை மட்டும் திரும்பப் பாடித் தருவதாகச் சொன்னார்.

கேசட்டைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது, டெக்கில் சிவப்புப் பட்டன் அமுங்காது. பதிந்த கேசட்டை உடனே உடைத்துவிடுவது எங்கள் தொழிலில் பழக்கம். லேபிளைக்கூடப் படிக்க மாட்டோம். முதுகை விரலால் தடவிப் பார்ப்போம். ஓட்டை இருந்தால் பாட்டு இருக்கிறது, இல்லாவிட்டால் காலி. அம்மா மறுநாளும் அதில் பாட வேண்டியிருந்ததால் நான் அந்தக் கேசட்டை உடைக்கவில்லை. அவர் கணவர் மட்டும் அடையாளத்துக்கு அதன் மேல் பேனாவால் சின்னதாக ஒரு உடுக்கை வரைந்து வைத்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா இன்னொன்று கேட்டார்.

“அது எங்க அக்கா வூட்டுப் பாட்டு பாய். அவங்க கேட்டுட்டு சரின்னு சொன்னாத்தான் வெளில வுடணும். ஒரு காப்பி போட்டு மலை பஸ்ல குடுத்து வுடுங்க.”

சரிங்கம்மா என்று தலையை ஆட்டினேனே தவிர, அவர் போனதும் எனக்குக் கடுப்புதான் வந்தது. இரண்டு நாள் முகூர்த்தம் சேர்ந்தாற்போல் வருகிறது, லிஸ்ட் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இவ்வளவு பெரிய பாடகி பாடியதற்கு மலையில் களை எடுக்கிற அம்மாளிடம் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? வெட்டி வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே, யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் போன ஒரு பழைய காலி கேசட்டைத் தேடி எடுத்தேன். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பார்த்தால் வேகமாகப் பதிகிற பட்டன் அன்றைக்கென்று சிக்கிக்கொண்டது. திட்டிக்கொண்டே சாதாரண வேகத்திலேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து, கை பழக்கத்தில் முதுகை உடைத்து, அந்த அக்காவின் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுற்றி, வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். பீடை விட்டது என்று அதோடு மறந்தும் போனேன்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வரவில்லை. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். லிஸ்ட்டைப் பார்ப்பதும் கேசட்டைத் தடவுவதும் பட்டனை அமுக்குவதுமாக நாள் ஓடியது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பாண்டிச்சேரி பஸ் ஏறப் போகிற வழியில் இருவரும் வந்தார்கள். அம்மாவுக்கு இரவெல்லாம் காய்ச்சலாம். குரல் கம்மிப்போய், பக்கத்தில் நின்றால்தான் கேட்டது. இனி பாட முடியாது, இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கணவர் ஆஸ்பத்திரி போன் நம்பரை என் நோட்டில் எழுதினார். பஸ் கிளம்பியது. நான் திரும்பி வந்து, லேபிள் ஒட்டலாம் என்று அந்தக் கேசட்டைத் தேடினேன்.

டப்பா இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கல்யாண வீட்டுக்காரர் வந்து வாங்கிப்போக வேண்டிய கேசட்டுகள் தனியாக அடுக்கி இருந்தன. மேலாக இருந்ததில் பேனாவால் வரைந்த உடுக்கை. முதுகைத் தடவினேன், ஓட்டை. நானே உடைத்திருக்கிறேன். டெக்கில் போட்டேன். ஒரு சினிமா டூயட் ஜாலியாக ஓடியது. திருப்பிப் போட்டேன். அங்கேயும் டூயட். ஒன்பதாவது பாட்டில் கடைசிக் கொஞ்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒரு மனுஷியின் கடைசிக் குரலை, கேட்டுக்கொண்டே கூட இல்லை, லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே அழித்திருக்கிறேன்.

ஓடிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் பிடிவாதம் ஊரறிந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்தக் காய்ச்சலோடு திரும்ப வந்து ஒன்பது பாட்டையும் பாட உட்கார்ந்துவிடுவார். அப்புறம் டாக்டர் சொன்னது நடந்தால்? சொல்லாமல் விட்டால் நாளைக் காலையோடு அந்தக் குரல் இல்லை. இரண்டுமே பாவம்தான். அப்போதுதான் நான் சபித்துக்கொண்டே போட்ட காப்பி ஞாபகம் வந்தது. சாயந்திரத்துக்குள் அது கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லி, அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

கல்யாணக் கேசட்டுகளைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுக் கடையை மூடினேன். கேட்டுப் பார்க்க வேண்டுமே என்று பேட்டரியில் ஓடும் சின்ன டேப் ரெக்கார்டரையும், பதிலுக்குக் கொடுக்க ஒரு புதுக் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறினேன். நல்லவேளை, அதே கண்டக்டர். திங்கட்கிழமையே மேலே டீக்கடையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஏற ஏற எனக்கு ஓதத் தெரிந்த அத்தனை துஆவும் வாயில் வந்தது. மலை பஸ் என்றைக்கும் மெதுவாகத்தான் ஏறும், அன்றைக்கு அது நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது.

மேலே டீக்கடைக்காரர் முதலில் முழித்தார். பிறகு, ஆமாம், அந்த ஊர் ஆள் யாரோ வாங்கிப்போனார் என்றார். யார் என்று கேட்டால் தெரியவில்லை. மூணு கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். டேப் வைத்திருக்கிற எவன் கையிலாவது போயிருந்தால், ரேடியோவில் வருகிற பாட்டைப் பதிந்திருப்பானே என்று. அடுத்தவர் கேசட்டில் அழித்து எழுதுவதில் நான்தான் பெரிய கெட்டிக்காரன், எனக்குத் தெரியாதா?

அந்த அக்கா வீட்டில் இல்லை. சாமைக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும், ஒல்லியான உடம்பு, கை மட்டும் நிற்கவே இல்லை. இன்னார் அனுப்பிய கேசட்டுக்காக வந்திருக்கிறேன் என்றதும் நிமிர்ந்தார்.

“கேட்டன் தம்பி. நல்லா பாடிக்கிறா. ஆனா ஒரு பாட்டு முடியல.”

எந்தப் பாட்டு முடிந்தால் எனக்கென்ன, கேசட் எங்கே என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தன்னிடம் டேப் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் போடச் சொன்னதாகவும், ஊரே உட்கார்ந்து கேட்டதாகவும் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய பெரிய டேப்பை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கடைக்காரர் என்று சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

“இன்னா பாய், வீணா போன கேசட்ட குடுத்து வுட்டுக்கிறீங்க. நேத்து ரேடியோ பாட்டு புடிக்கலாம்னு எத்தினி வாட்டி அமுக்கறன், செவப்பு பட்டன் எறங்கவே மாட்டேங்குது.”

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாவம், அவர் பயந்தே போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அதை அன்றைக்குத்தான் முழுசாக அனுபவித்தேன். கேசட்டை வாங்கி என் டேப்பில் போட்டேன். பழைய கேசட், சின்ன ஸ்பீக்கர், ஆனால் அந்தக் குரல் அப்படியே வந்தது. ஒன்பது பாட்டையும் அங்கங்கே கேட்டுச் சரிபார்த்தேன். மூன்றாவது பாட்டில் எங்கள் காதுக்குத் தப்பி விழுந்திருந்த ஒரு பஸ் ஹார்ன்கூட இருந்தது. அது எனக்கு அப்போது சங்கீதமாகவே கேட்டது. அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, கேசட்டுதான் கிடைச்சிடுச்சே என்று மட்டும் சொன்னார்.

நான் எழுந்து நன்றி சொல்லிக் கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“கள பாட்டு முடியலன்னு சொன்னனே. வெதைக்கு எடுத்து வெக்காம பாட்ட வுட்டா அது இன்னா பாட்டு? அப்பிடி வெளில வுடாதீங்க.”

அப்போதுதான் விளங்கியது. இருமல் வந்து நின்றுபோன கடைசி அடியைத்தான் சொல்கிறார். களை எடுக்கிற பாட்டில் விதை அடி என்று ஒன்று உண்டாம். அதைப் பாடாமல் எந்தப் பெண்ணும் கொல்லையை விட்டு ஏற மாட்டாளாம். பாடாமல் விட்டால் அடுத்த வருஷத்துக்கு விதை தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. திங்கட்கிழமை நானாக இருந்தால் சிரித்திருப்பேன். புதன்கிழமை நான் புதுக் கேசட்டை டேப்பில் போட்டு, நீங்களே பாடிக்கொடுங்கள் அக்கா என்று கேட்டேன். வாசலில் நின்று பாடுகிற பாட்டு இல்லை அது என்று சொல்லி என்னைத் திரும்பக் கொல்லைக்கே கூட்டிப்போனார். குனிந்து களையைப் பிடித்தபடியே பாடினார். மற்றவர்கள் பின்பாட்டு.

“குருவிக்குக் கொஞ்சம், கூலிக்குக் கொஞ்சம்,
குடுக்கையில வெதைக்குக் கொஞ்சம் வையி தங்கச்சி…”

சாயந்திர பஸ்ஸில் இறங்கி, நேராக பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். காப்பி கிடைத்துவிட்டதால் தவற்றைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அக்கா கேட்டுவிட்டார் என்ற நல்ல சேதியையாவது சொல்லலாமே என்றுதான். ஆபரேஷன் மறுநாள்தான் என்பதால், ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் கணவரோடு அந்த அம்மாவும் போன் அருகே நடந்து வந்திருந்தார். கணவர்தான் பேசினார். அக்கா சம்மதம் சொல்லிவிட்டார், ஆனால் விதை அடி இல்லாமல் விடக் கூடாது என்றார் என்றேன். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டார்.

“அதயேதான் பஸ்ல பொலம்பிக்கினே வந்தா பாய். கொரலு போறதுக்குக்கூட அழல, அந்த அடிய வுட்டுட்டனேன்னு அழுவறா.”

அக்காவே பாடிக் கொடுத்திருக்கிறார், அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றேன். டேப்பை ரிசீவரோடு ஒட்டிப் பிடித்து, அந்த அடியை ஓடவிட்டேன். நானும் காதை அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்ததும், மறுபடி போடுங்க என்று கணவரின் குரல் கேட்டது. போட்டேன். இந்தத் தடவை மலைப் பெண்களின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. உடைந்து, காற்றும் சத்தமுமாக, ஆனால் தாளம் பிசகாமல். இருமல் வரவில்லை. சுரைக் குடுக்கையில் விதை வைக்கிற வரைக்கும் பாடி முடித்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கோயில்களையெல்லாம் ஆண்ட குரல் கடைசியாகப் பாடியது அதுதான். அதை நான் எந்தக் கேசட்டிலும் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். கழுத்தில் கட்டு, கையில் பேசுவதற்கு ஒரு சிலேட்டு. மனசாட்சி உறுத்த, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டூயட் இடம் வந்ததும் அவர் கண் விரிந்தது. பட்டன் இடம் வந்ததும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தையல் விட்டுவிடப் போகிறது என்று கணவர்தான் பதறினார். சிரித்து முடித்துவிட்டு அதே சிலேட்டால் என் தலையில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

கேசட் வெளியே வந்தபோது எட்டாவது பாட்டில் இரண்டு குரல் இருந்தது. ஒருத்தர் நிறுத்துகிற இடத்தில் இன்னொருத்தர் எடுத்துப் பாடுவது கம்பெனிக்காரர் செய்த புதுமை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அட்டையில் பாடகியின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அக்காவின் பெயரும் இருந்தது. அம்மா சிலேட்டில் எழுதி எழுதிச் சண்டை போட்டு வாங்கியது அது.

இன்று கேசட்டும் இல்லை, என் கடையும் செல்போன் கடையாகிவிட்டது. அந்த அம்மா இன்னும் நன்றாக இருக்கிறார். எதையாவது செய்யும் முன், இன்னாரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்கு அந்தப் பழைய சலிப்பு எட்டிப் பார்க்கும்; உடனே போனில் கேட்ட அந்த உடைந்த குரலும் ஞாபகம் வந்துவிடும், பேசாமல் போய்க் கேட்டுவிட்டு வருவேன்.